வம்ப நாரையும் பின்பனிப் பொழுதும்

சங்கச் செய்யுட்களைப் பயிற்றுவிக்குங்கால், சில சொற்களுக்குப் பொருள் கூறிய அளவில் நிறைவுற்று மேற்செல்வது நம்மிற் பலர்க்கும் வழக்கமாகிவிட்டது. பொருள் கிடைத்துவிட்டது என்னும் நிறைவு, அப்பொருள் ஏன் அவ்வாறு அமைந்தது என்னும் வினாவை எழவொட்டாமல் தடுத்துவிடுகிறது. குறுந்தொகை 236ஆம் பாட்டில் வரும் 'வம்ப நாரை' என்னும் தொடர் அவ்வாறு கடந்து செல்லப்படுவனவற்றுள் ஒன்று. 'புதிய நாரை' என்று பொருள் சொல்கிறோம். மாணவரும் அவ்வாறே ஏட்டில் எழுதிக்கொள்கின்றனர். யாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தோம். ஓராண்டு முதுகலை மாணவர் ஒருவர், 'நாரை புதியதாவது எவ்வாறு? அது குஞ்சா, அன்றி அவ்வூர்க்குப் புதியதா?' என்று வினவினார். விடை சொல்ல இயலாது நின்றோம். அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

விடையை நூலகத்தில் மட்டும் தேடுதல் போதாது என்பதைப் பின்னர் உணர்ந்தோம். நெய்தல் நிலத்துப் புலவர் கண்டதை நாமும் ஒருமுறை கண்டு வருதல் வேண்டும் எனத் துணிந்து, மாணவர் சிலரோடு காரைக்கால்மேட்டுக்குச் சென்றோம். அங்குக் கண்டனவும், அவற்றின் துணைகொண்டு பாட்டுகளை மீண்டும் பயின்றபோது புலப்பட்டனவும் இங்கு முறையே கூறப்படும்.

இடமும் பொழுதும்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு கூறுகளுள் ஒன்று. தமிழ்நாட்டு மாவட்டங்களும் கடலும் சூழக் காவிரிக் கழிமுக நிலத்தில் தனித்து அமைந்தது. குடந்தையை ஒட்டி ஓடிவரும் அரசலாறு இங்குக் கடலொடு கலக்கிறது. காரைக்கால்மேடு இக்கடற்கரையிலுள்ள மீனவர் ஊர். ஊர்ப்பெயரின் இறுதியில் நிற்கும் 'மேடு' என்னும் சொல் நிலத்தின் இயல்பை உணர்த்துவது. தாழ்ந்து கிடக்கும் கழிநிலத்தினிடையே மணல் உயர்ந்த இடங்களிலேயே இப்பகுதி மக்கள் குடியிருப்புகளை அமைத்துக்கொண்டனர். கடலுக்கும் வயலுக்கும் இடையே மிகுந்த தொலைவில்லை. கரையில் நெய்தல், சற்றே மேற்கு நோக்கி நடந்தால் மருதம். இவ்விரண்டும் மயங்கும் நிலமாதலின், கடற்புள்ளையும் வயற்புள்ளையும் ஒரு காலைப்பொழுதிலேயே காணுதல் கூடும்.

யாம் சென்றது மாசித் திங்களின் பிற்பகுதி. மேனாட்டார் 'வசந்தத்தின் தொடக்கம்' எனக் கருதும் பொழுது அது. நம் முன்னோர் வகுத்த பெரும்பொழுது ஆறனுள் அது பின்பனி. மாசியும் பங்குனியும் அதற்குரியன. சித்திரையில்தான் இளவேனில் பிறக்கும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வடநாட்டில் பனி உருகத் தொடங்கும் பொழுது இளவேனிலின் தலைவாயில். அதே பொழுது நமக்கு வாடை ஓய்ந்து தென்காற்று எழும் இடைக்காலம். இக்கடற்கரை மீனவர் தென்காற்றைச் சோழகம் என்பர். வாடை என்பது வடக்கிருந்து வருவது. வடக்கு நோக்கிப் பறப்பார்க்கு எதிர்க்காற்று. சோழகம் பின்னிருந்து தள்ளும் காற்று. வந்த புட்கள் பெயர்வதற்கு இயற்கை வகுத்த பொழுது இதுவே எனலாம்.

வேறொரு காரணமும் உண்டு. மேட்டூர் அணையைச் சனவரி 28ஆம் நாள் மூடுதல் நெடுநாளைய வழக்கம். அதன்பின் வாய்க்கால்களில் நீர் குறைகிறது. சம்பா அறுவடை முடிந்த வயல்களில் உளுந்தும் பயறும் விதைக்கப்படுகின்றன. குட்டைகள் வற்றத் தொடங்குகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாடெங்கும் பரவிக்கிடந்த நீர் சுருங்கச் சுருங்க, அங்கங்கே சிதறியிருந்த புட்களும் எஞ்சிய ஈரத்தை நாடி ஏரிகளிலும் கழிமுகங்களிலும் திரள்கின்றன. ஆகவே புள்வரவைக் காண விழைவார் கார்த்திகையினும் மாசியில் செல்லுதலே நன்று. கார்த்திகையில் நீர் மிகுதி, புள் சிதறிக் கிடக்கும். மாசியில் நீர் சிறிது, புள் செறிந்து நிற்கும்.

கழிமுகத்திற் கண்டவை

விடியற்காலையில் முகத்துவாரத்தை அடைந்தோம். காரைக்காலில் கதிரவன் கடலினின்று எழுவான். ஆதலால் காலையில் கடலைப் பின்னிட்டு மேற்கு நோக்கி நிற்றல் வேண்டும். அவ்வாறு நின்றால் ஒளி நமக்குப் பின்னிருந்து வந்து, புள்ளின் நிறத்தைத் தெளிவாகக் காட்டும். மாறாக நிற்பின் எல்லாம் கரிய நிழல்களாகவே தோன்றும். இரண்டாவதாக, கடல்நீரின் வற்றத்தை அறிந்து செல்லுதல் வேண்டும். நீர் வற்றிச் சேறு வெளிப்படும்போது சிறு புட்கள் இரை தேடிப் பரவும். நீர் ஏறும்போது உயர்ந்த மணற்றிட்டில் ஒருங்கு கூடும். இக்கரையில் நீர் ஏறி இறங்கும் உயரம் மிகுதியன்று. எனினும் தாழ்ந்த சேற்றுநிலத்தில் ஒருசாண் இறக்கமே ஒரு பெரும்பரப்பை வெளிப்படுத்திவிடும்.

முதலில் எம் கண்ணிற் பட்டவை கடற்காக்கைகள். மீன்படகுகள் வந்தடையும் இடத்தில், வலையினின்று உதறப்படும் சிறுமீனைக் கவர அவை கூட்டமாகச் சுழன்றன. அவற்றுட் பல பழுப்புத்தலைக் கடற்காக்கை என்னும் இனத்தவை. இவை தலைப்பழுப்பைக் குளிர்காலத்தில் இழந்துவிடும்; அக்காலத்தில் தலை வெண்மையாய், கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்பொட்டு மட்டுமே தோன்றும். மாசி, பங்குனியில் மீண்டும் பழுப்பு நிறம் தலை முழுதும் படர்கிறது. யாம் சென்ற நாளில் ஒரே கூட்டத்தில் வெண்தலையும், பாதி நிறம் ஏறிய தலையும், முற்றும் பழுத்த தலையும் கலந்திருந்தன. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், தலை நிறம் மாறியவை இனி நெடுநாள் தங்கா என்று எம்மிடம் கூறினார். பறவைநூல் வல்லார் கூறுவதும் அதுவே. திபெத்து, இலடாக்கு முதலிய உயர்நிலத்து ஏரிக்கரைகளில் இவை கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பன. ஏப்ரல் 15ஆம் நாள் தொடங்கி 61 நாள் நிகழும் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறி நிற்கும்போது, இக்கடற்காக்கைகளுள் பெரும்பாலன இக்கரையை விட்டு நீங்கியிருக்கும்.

சேற்றின் விளிம்பில் உப்புக்கொத்திகளும் சிறு உள்ளான்களும் ஓடி ஓடி இரை கொண்டன. குளிர்காலத்தில் இவை எல்லாம் ஒரேவகைச் சாம்பல் நிறமாய் இருத்தலின், இனம் பிரித்தறிதல் தேர்ந்தார்க்கும் அரிது. ஆனால் பின்பனியில் இவற்றின் இறகு மாறுகிறது. மணல்நிற உப்புக்கொத்தியின் மார்பில் செம்மை படரும். வளைமூக்கு உள்ளானின் அடிப்பகுதி செங்கல் நிறம் பெறும். பொன்னிற உப்புக்கொத்தியின் முகமும் வயிறும் கருமையுறும். முதுகில் பொற்புள்ளிகள் மிளிரும். ஒரு புள்ளைக் கண்டு, அது கூடுகட்டும் நிலத்திற்குச் செல்ல ஆயத்தமாயிருக்கிறது என்று சொல்ல இயலும் பொழுது இது ஒன்றே. வளைமூக்கு உள்ளான் செல்லும் இடம் சைபீரியாவின் வடகோடி, மரமில்லாப் பனிநிலம்.

இவற்றினிடையே, எங்கும் செல்லாத புட்களும் நின்றன. மடையானும் சிறு வெண்கொக்கும் நீர்க்காக்கையும் இந்நிலத்திலேயே வாழ்ந்து, இங்கேயே குஞ்சு பொரிப்பன. அவற்றின் நடையில் விரைவில்லை. வரவுப் புட்களோ ஓயாது இரை கொண்டிருந்தன. நெடும்பயணத்திற்கு முன் உடலிற் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளுதல் அவற்றின் இன்றியமையாத் தொழில். அக்கொழுப்பே வழியில் அவற்றுக்கு உணவு. ஒரே சேற்றில், ஒரே காலைப்பொழுதில், தங்குவனவும் பெயர்வனவும் அருகருகே நிற்கக் கண்டபோது, வகுப்பறையில் விடை கிடையாத அவ்வினா மீண்டும் நினைவுக்கு வந்தது.

புட்கள் ஏன் பெயர்கின்றன என்பதையும் சுருங்கக் கூறுதல் நலம். வடதுருவத்தை அடுத்த நாடுகளில் கோடைப்பகல் மிக நீளமானது. அக்காலத்தில் புழுபூச்சிகள் அளவின்றிப் பெருகும். குஞ்சுகளை விரைந்து வளர்த்தற்கு அந்நிலமே ஏற்றது. குளிர்காலத்தில் அந்நீரும் நிலமும் உறைந்துவிடும், இரை கிடையாது. ஆகவே குஞ்சு பொரிக்க வடக்கும், உயிர் வாழத் தெற்கும் அவற்றுக்கு வேண்டப்படுகின்றன. பகலின் நீட்டம் மாறுவதை உடல் உணர்ந்து, உட்சுரப்புகள் வழியே இறகு மாற்றத்தையும் பயண வேட்கையையும் எழுப்புகிறது. பகல் வேறுபாடு சிறிதாகவுள்ள நம் நாட்டிலும் அவை காலம் தவறாது புறப்படுதற்கு, உடலினுள் அமைந்த ஆண்டுக் கணக்கும் துணைசெய்கிறது என்பர்.

வம்பும் வதியும்

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். 'வம்பு' என்னும் உரிச்சொல் நிலையின்மைப் பொருளை உணர்த்தும் என்பது தொல்காப்பியர் கருத்து. புதுமை என்னும் பொருளும் இதற்குண்டு. இவ்விரு பொருளும் வேறுபட்டன அல்ல; புதிதாக வந்தது நிலையாது போகும் என்பதே இரண்டையும் இணைக்கும் கருத்து. இச்சொல் சங்கச் செய்யுட்களில் வரும் இடங்களை ஒப்புநோக்கின் இது விளங்கும். காலமல்லாக் காலத்துப் பெய்து நீங்கும் மழை வம்ப மாரி. வழிச்செல்லும் புதியோர் வம்பலர். வடக்கிருந்து படையொடு வந்தார் எனப்படும் மோரியர் வம்ப மோரியர். மூன்றிடத்தும், வேற்றிடத்திலிருந்தோ வேறு பொழுதிலிருந்தோ வந்து நிலையாது நீங்குதல் என்னும் பொருளே நிற்கிறது. அவ்வாறாயின் வம்ப நாரைக்கு மட்டும் வெறும் 'புதிய நாரை' என்று பொருள் கூறி நிறுத்துதல் தகுமோ? பருவத்தில் வந்து பருவத்தில் நீங்கும் நாரை என்பதே அதன் முழுப்பொருள் எனக் கருதுகிறோம். இன்று நாம் 'வலசைப் பறவை' என வழங்கும் கருத்துக்குச் சங்கப் புலவர் வழங்கிய அடைமொழி 'வம்ப' என்பதே.

இக்கருத்து பாட்டின் பொருளுக்கு இயைகிறதா என்று பார்த்தல் வேண்டும். 236ஆம் பாட்டு, திருமணத்திற்கு இடையே பிரிந்து செல்லும் தலைவனை நோக்கித் தோழி கூறுவது. நீ பிரிவதாயின் பிரிக. ஆனால் நீ நுகர்ந்த இவள் நலத்தை மீட்டுத் தந்து செல்க என்பது அவள் கூற்றின் சாரம். அத்தலைவனது கடற்கரையை வருணிக்குமிடத்து, மணற்குன்றின் அருகே நின்ற புன்னையின் தாழ்ந்த கிளையில் வம்ப நாரை தங்கும் என்கிறாள். நாரை வெறுமனே புதியதாயின் இவ்வருணனை அழகுக்கு மட்டுமே ஆகும். அது பருவம் முடிந்ததும் நீங்கும் புள்ளாயின், தோழியின் கடுஞ்சொல் வருணனையிலேயே தொடங்கிவிடுகிறது. எளிதில் எட்டும் தாழ்ந்த கிளை தலைவியின் எளிவந்த அன்பையும், தங்கி நீங்கும் நாரை தலைவனது வரவையும் குறிப்பால் உணர்த்துகின்றன. புள் நீங்கிய பின் கிளை அங்கேயே நிற்கும். உள்ளுறையின் கூர்மை நாரையின் பெயர்ச்சியிலேதான் அடங்கியிருக்கிறது.

இதற்குத் துணையாக மற்றொரு பாட்டையும் காட்டலாம். குறுந்தொகை 5ஆம் பாட்டும் 236ஆம் பாட்டும் நரிவெரூஉத்தலையார் என்னும் ஒரே புலவர் பாடியவை. இரண்டிலும் கடற்கரைப் புன்னையும் அதிற் சேர்ந்த புள்ளும் வருகின்றன. ஆனால் 5ஆம் பாட்டில் அப்புள் 'வதி குருகு' எனப்படுகிறது. புன்னை நிழலில் அது உறங்குகிறது. அங்கே பேசுபவள் தலைவி. தலைவன் பிரிந்தமையால் தன் கண் உறங்கவில்லை என்கிறாள். வதிதல் என்பது தங்குதல். தன் இடத்தே தங்கி உறங்கும் குருகுக்கும், துணை பிரிய உறக்கம் இழந்த தலைவிக்கும் உள்ள முரணே அப்பாட்டின் உயிர். ஒரே புலவர், ஒரே மரத்தில், உறங்கும் புள்ளுக்கு 'வதி' என்னும் அடையையும், தலைவனைக் குறிக்கும் புள்ளுக்கு 'வம்ப' என்னும் அடையையும் தந்திருத்தல் தற்செயல் என்று தோன்றவில்லை. வதிதல் இரவு தங்குதலை மட்டும் குறிக்கும் என்பார் உளராயின், அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் காரைக்கால்மேட்டுச் சேற்றில் தங்குவனவற்றையும் பெயர்வனவற்றையும் அருகருகே கண்டார்க்கு, இவ்விரு அடைகளும் ஓர் உண்மையான வேறுபாட்டைச் சுட்டுகின்றன என்பது எளிதிற் புலனாகும்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். 236ஆம் பாட்டின் நாரை எவ்வினத்தது என்று துணிதற்குப் பாட்டில் சான்றில்லை. காலின் நிறமோ அலகின் வடிவோ கூறப்படவில்லை. 'நாரை' என்னும் பெயர் இன்றும் பல இனங்களுக்குப் பொதுவாக வழங்குகிறது. ஆதலின் அது பெயரும் புள் என்ற அளவில் நிற்பதே முறை.

இலக்கண நூலார் கொள்கை

புட்கள் இடம்பெயர்தலை இலக்கண நூலாரும் அறிந்திருந்தனர் என்று கொள்ள இடமுண்டு. அகத்திணையியலில் தொல்காப்பியர் ஒரு விதி வகுக்கிறார். ஒரு நிலத்துக்குரிய பூவோ புள்ளோ அந்நிலத்தொடும் அதற்குரிய பொழுதொடும் பொருந்தாது வேறோரிடத்தில் வருமாயின், அது வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியதாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. இவ்விதியின் நோக்கம் செய்யுட்களைத் திணைப்படுத்தல்; உயிர்நூல் கற்பித்தல் அன்று. எனினும் இன்ன நிலத்துக்கு இன்ன புள் என்று கருப்பொருளை வரையறுத்த நூலார், அவ்வரையறையைக் கடந்து வரும் புட்களுக்கும் இடம் ஒதுக்க நேர்ந்தது ஏன் என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். புள் ஓரிடத்தில் நில்லாது என்பதைக் கண்ணாற் கண்டவரே அத்தகைய விதியை வகுக்க முற்படுவர்.

நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் விளக்கம் நாரையையும் அன்னத்தையும் குருகையும் மருதப் புட்களாக எண்ணுகிறது. குறுந்தொகையிலோ நாரை நெய்தற் புன்னையில் தங்குகிறது. இதனை முரண் என்று கருதவேண்டுவதில்லை. காலையில் வயலில் இரை தேடிய கொக்கும் நாரையும் மாலையில் கடற்கரை மரங்களை அடைதலை இந்நிலத்தில் இன்றும் காணலாம்.

தூது சென்ற புட்கள்

வடக்கு நோக்கிப் பெயரும் புள்ளைத் தூது விடுதல் தமிழ்ச் செய்யுளில் ஒரு மரபு. அவற்றுள் இரண்டு இங்கு ஆராய்தற்குரியன.

ஒன்று சத்திமுற்றப் புலவர் பாடிய தனிப்பாடல். குடந்தையை அடுத்த சத்திமுற்றம் அவர் ஊர். அரசலாறு பாயும் நாட்டின் மேற்பகுதியில் உள்ளது. வறுமையால் மதுரைக்குச் சென்று, போர்த்த ஆடையுமின்றிக் குளிரில் வாடிய அப்புலவர், வானிற் சென்ற செங்கால் நாரையை விளிக்கிறார். தெற்கே குமரியில் நீராடி வடக்கு நோக்கிச் செல்வீராயின், வழியில் என் ஊர் ஏரியில் தங்கி, மழையில் ஊறிய சுவரையுடைய குடிலில் பல்லி சொல்லும் நிமித்தத்தை எதிர்நோக்கியிருக்கும் என் மனைவியிடம் என் நிலையைக் கூறுக என்பது அப்பாட்டின் பொருள். நாரையின் கால் செம்மை, அலகும் பவளநிறம், அதன் வடிவுக்குப் பிளந்த பனங்கிழங்கு உவமை, இணையாகச் செல்வது, செல்லும் திசை வடக்கு. இத்தனை அடையாளங்களை ஒரு சிறு பாட்டில் அடக்கியமை வியத்தற்குரியது.

இவ்வடையாளங்களைக் கொண்டு இனத்தைத் துணிதல் இயலும். நம் ஏரிகளில் மிகுதியாகக் காணப்படும் மஞ்சள்மூக்கு நாரைக்கு அலகு மஞ்சள். நத்தைகுத்தி நாரையின் அலகு மங்கிய நிறத்தது. நடுவே இடைவெளி உடையது. இவ்விரண்டும் தமிழகத்திலேயே கூடுகட்டுவன. சிவந்த காலும் சிவந்த நேரிய அலகும் உடையது, பறவைநூலார் செங்கால் நாரை என்றே வழங்கும் வெண்ணிற நாரை. அது மைய ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் கூடுகட்டுவது. குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, வெயில் ஏறுமுன் வடக்கே மீள்வது. தமிழகத்தில் இன்று அரிதாகவே தோன்றுகிறது. புலவர் கண்டது இப்புள்ளே எனக் கொள்ளுதல் பொருத்தமாகும்.

பாட்டின் பொழுது எது? புலவர் வாடையில் நடுங்குகிறார். ஆதலின் அது கூதிரோ முன்பனியோ என்று கருதத் தோன்றும். ஆனால் அப்பொழுதுகளில் நாரை தெற்கே தங்கியிருக்கும். வடக்கு நோக்கிப் புறப்படாது. அது புறப்படும் பொழுதில் குளிரும் இன்னும் எஞ்சியிருத்தல் வேண்டுமாயின், பொருந்துவது பின்பனியே. மாசி இரவின் பனி ஆடையற்றாரை நடுக்கும் என்பதற்குச் சான்று வேண்டுவதில்லை. சுவர் மழையில் ஊறியது என்பது கொண்டு இதனை மறுப்பார் உளராகலாம். தைத் திங்கள் வரையும் சில ஆண்டுகளில் மழை நீளுதலாலும், புலவர் காண்பது ஊரை விட்டு வந்தபோது கண்ட குடிலின் நினைவே ஆதலாலும், அத்தடை வலியுடைத்தன்று. நாரையின் பெயர்ச்சியை அறிந்த பின்னரே இப்பாட்டுக்கு ஒரு பருவம் கிடைக்கிறது என்பதை இங்கு வற்புறுத்த விரும்புகிறோம்.

மற்றொன்று புறநானூறு 67ஆம் பாட்டு. பிசிராந்தையார் அன்னச் சேவலை விளித்து, குமரித்துறையில் அயிரை மேய்ந்து வடமலைக்குப் பெயர்வாயாயின், இடையே சோழநாட்டு உறையூரில் கோப்பெருஞ்சோழனைக் காண்க என்கிறார். இங்கும் தெற்கே குமரி, வடக்கே மலை, இடையே சோழநாடு. வடமலை இமயம் எனின், அதனைக் கடந்து செல்லும் நீர்ப்புள் நம் நாட்டுக்கு வருவது உண்மையே. வரித்தலை வாத்து என்னும் பெரும்புள் திபெத்து, மங்கோலியப் பகுதிகளில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்துக் கூந்தன்குளம் வரை வருகிறது. இமயத்தைக் கடக்குங்கால் அது 7,000 மீட்டருக்கு மேலும் பறந்தமை கருவிகளால் அளந்தறியப்பட்டுள்ளது. ஆயின் அதுவே அன்னம் என்று துணியலாமா? பாட்டின் அன்னம் மீனுண்கிறது. வரித்தலை வாத்தின் உணவு பெரும்பாலும் புல்லும் தவசமும் ஆகும். ஆதலின் அன்னத்தின் இனத்தைத் துணிதற்கு இஃது ஒன்றே போதாது. பயணத்தின் திசையும் வழியும் கண்டறிந்த உண்மை. உணவு செய்யுள் மரபாக இருக்கலாம். கண்டதும் மரபும் ஒரு பாட்டில் கலந்து நிற்கும்போது, இரண்டையும் பிரித்தறிவதே ஆராய்வோர் கடன்.

இவ்விரு பாட்டிலும் பொதுவாக நிற்பது ஒன்றுண்டு. சோழநாடு புள்ளின் இறுதி எல்லையன்று, இடைத்தங்கல். இன்றைய பறவைநூலார் கூறுவதும் இதுவே. வடக்கே சைபீரியா தொடங்கித் தெற்கே இந்தியப் பெருங்கடல் வரை சுமார் 30 நாடுகளை அளாவிச் செல்லும் மைய ஆசியப் புள்வழியில் நம் கடற்கரை ஒரு கூறு. அவ்வழியில் இளைப்பாறி இரை கொள்ளும் இடங்கள் ஒரு சங்கிலியின் கணுக்களைப் போல்வன. காரைக்காலுக்குத் தெற்கேயுள்ள கோடியக்கரை அவற்றுட் சிறந்தது. 1967இல் அது காப்பிடமாக்கப்பட்டது. 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், சாலிம் அலியின் வழிகாட்டுதலில் தொடங்கிப் பல்லாண்டுகள் அங்குப் புட்களைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுத்தனர். எவ்விடத்துப் புள் எவ்விடம் செல்கிறது என்பதை அவ்வளையங்கள் உணர்த்தின. 2002இல் கோடியக்கரை இராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. காவிரி நாட்டின் வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல் அச்சிறப்பைப் பெற்றன.

சொல் நிலைபெறுதற்கு நிலம் வேண்டும்

சங்க இலக்கியப் புட்களை அறிவியல் நோக்கில் ஆராய்ந்தவர் இல்லாமலில்லை. பி. எல். சாமி எழுதிய 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூல் இத்துறையில் வழிகாட்டி. ஆயினும் நம் வகுப்பறைகளில் நாரை, குருகு, கொக்கு, உள்ளான் என்னும் பெயர்கள் யாவும் 'ஒருவகைப் பறவை' என்னும் ஒரே குறிப்பில் அடங்கிவிடுகின்றன. உரையாசிரியர்கள் அவ்வாறு எழுதியது குறையன்று. அவர்கள் காலத்து மாணவர் அப்புட்களை நாளும் கண்டவர். 'ஒருவகைப் பறவை' என்றால் எதுவென அவர்க்கு விளங்கும். இன்றைய மாணவர்க்கு அது விளங்குவதில்லை.

இனி விளங்கும் வாய்ப்பும் குறைந்து வருகிறது. காவிரிக் கடைமடையில் நீர்வரத்துக் குறைந்த ஆண்டுகளில் ஏரிகள் மாசிக்கு முன்னரே வற்றிவிடுகின்றன. கடற்கரைச் சேற்றுநிலங்கள் பல இறால் பண்ணைகளாயின. அவற்றை எதிர்த்துக் காந்தியத் தொண்டர் ச. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 திசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் அப்பண்ணைகள் அமைதலைத் தடுத்துத் தீர்ப்பளித்தது. 2005இல் இயற்றப்பட்ட சட்டம் அவற்றை உரிமம் பெற்று நடத்த வழிவகுத்தது. 2004 திசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை காரைக்கால்மேடு உள்ளிட்ட இக்கடற்கரை ஊர்களில் பல உயிர்களைக் கொண்டது. அதன்பின் கரையைக் காக்கக் கல்லணைகள் வேண்டும் என்னும் மீனவர் கோரிக்கை நேரியதே. மக்கள் வாழ்வா, புள் வாழ்வா என்று எதிர்நிறுத்துதல் எம் நோக்கமன்று. கழிமுகத்தில் சேறும் மீனும் நிலைத்தால் இருவரும் வாழ்வர். அவை அழிந்தால் இருவர்க்கும் கேடு.

தமிழ் பயில்வார்க்கு இதில் தனியே ஒரு பங்கும் உண்டு. வம்ப நாரை வாராதொழியின், 236ஆம் பாட்டின் தோழி சொல்லில் உள்ள குறிப்பை அடிக்குறிப்பால் மட்டுமே உணர்த்த இயலும். ஏட்டுச்சுவடி செல்லரித்தால் ஒரு பாட்டை இழக்கிறோம். உ. வே. சாமிநாதையர் 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்தது அத்தகைய இழப்பைத் தடுத்தற்கே. நிலம் அழிந்தாலோ பாட்டு ஏட்டில் இருந்தும் அதன் பொருளை இழக்கிறோம். இவ்விழப்பைப் பதிப்பால் மட்டும் ஈடுசெய்தல் இயலாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால் பெறப்படுவன இவை. வம்ப நாரை என்பது பருவத்தில் வந்து நீங்கும் நாரை. 'வம்ப' என்னும் அடை புள்ளின் பெயர்ச்சியைச் சுட்டுவது. 236ஆம் பாட்டின் உள்ளுறை அப்பெயர்ச்சியை அறிந்தார்க்கே முழுதும் விளங்கும். சத்திமுற்றப் புலவர் பாட்டின் பொழுது பின்பனி எனக் கொள்ளுதல் நாரையின் இயல்புக்கு ஒத்தது. தூதுப் பாட்டுகள் இரண்டும் சோழநாட்டைப் புள்வழியின் இடைத்தங்கலாகக் காட்டுதல் இன்றைய ஆராய்ச்சிக்கு இயைந்தது. இவை முடிந்த முடிபுகள் எனக் கொள்ளற்க. அன்னத்தின் இனம் போன்று துணியப்படாதன பல உள. அறிஞர் மேலும் ஆராய்வாராக.

ஆய்வு மாணவர்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. நெய்தலும் மருதமும் பயில்வோர் ஆண்டுக்கொருமுறை மாசித் திங்களில் அருகிலுள்ள ஏரிக்கோ கழிமுகத்திற்கோ செல்க. ஒரு தொலைநோக்கியும் குறிப்பேடும் போதும்; வண்ண ஆடையும் ஆரவாரமும் தவிர்க; கூட்டத்தை எழுப்பிப் பறக்கவிடாது தொலைவில் நின்று காண்க; கண்ட நாளும் இடமும் நிறமும் குறித்து வைக்க. யாம் திரும்பும்போது, முதலில் வினவிய அம்மாணவர் மணற்றிட்டில் நின்ற கடற்காக்கைகளை நோக்கியிருந்தார். அடுத்த வாரம் மீண்டும் அங்குச் சென்று வந்து, பழுப்புத்தலையினவற்றுள் பல காணப்படவில்லை என்று எம்மிடம் கூறினார். வம்பு என்னும் சொல்லுக்கு அவர் குறிப்பேட்டில் இப்போது வேறு உரை வேண்டுவதில்லை.